கேசரத்தை எண்ணுங்கள்

மாத்தளையில், ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டனுக்கு ஏறும் வழியில் இளஞ்சிவப்பிலோ ஊதாவிலோ பூத்த புதர் எதைக் கண்டாலும் ‘போவிட்டியா’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். இலையைப் பார்த்துச் சொன்னால் பாதி சரி. எதிரெதிராக நிற்கும் இலை. அடியில் தொடங்கி நுனிவரை வில்லாக வளைந்தோடும் மூன்று, ஐந்து நரம்புகள். இடையே ஏணிப்படி போலக் குறுக்கு நரம்புகள். போவிட்டியாக் குடும்பத்தின் முகம் அது. ஆளைப் பிரித்தறிய வேண்டுமானால் பூவுக்குள் பார்க்கவேண்டும்.

ஹீன் போவிட்டியாவுக்கு இதழ் நான்கு, கேசரம் எட்டு. ஒஸ்பெக்கியா ஒக்டாந்திரா என்ற தாவரவியல் பெயரிலேயே அந்த எட்டு இருக்கிறது. இலங்கைக்கே உரிய செடி. செங்கண்மாரிக்கும் ஈரல் நோய்க்கும் நாட்டு வைத்தியர் தேடுவது இதன் இலையைத்தான். காய் உலர்ந்த சிறு குடுவை. மஹா போவிட்டியாவுக்கோ இதழ் ஐந்து, கேசரம் பத்து: ஐந்து நீண்டு ஊதாவாக, ஐந்து குட்டையாக மஞ்சளாக. காய் வெடித்துக் கருஞ்சதை காட்டும். தின்ற பிள்ளையின் வாய் கறுக்கும். முற்றத்தில் அழகுக்கு வைக்கும் பிரேசில் நாட்டுத் திபூச்சினாவுக்கும் கேசரம் பத்துத்தான். ஆனால் பத்தும் ஊதா, சிலந்திக்கால் போல மடிந்தவை.

எனக்குப் பயம் கட்டகளு போவிட்டியாவை நினைத்துத்தான். சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. தண்டெல்லாம் முரட்டு மயிர், சிறு வெள்ளைப் பூ, கருநீலப் பழம். அதைத் தின்றாலும் வாய் கறுக்கும் என்பதால் நம்மூர்ப் பெயரையே கொடுத்துவிட்டோம். பெயரில் உறவானபின் யாருக்கும் பிடுங்கத் தோன்றுவதில்லை. பழத்துக்கு நூறு விதைக்குமேல். காட்டு நிழலிலும் முளைக்கிறது. பழம் பறவைக்கு உணவாகிறதே என்பாரும் உண்டு. அந்தப் பறவைதான் விதையைக் காட்டுக்குள் கொண்டுபோகிறது.

மைக்கோனியாவும் இதே குடும்பம். அடிப்புறம் கருஊதாவான அகன்ற இலையின் அழகுக்காக 1888இல் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. தாகித்தித் தீவில் 1937இல் ஒரு தோட்டத்தில் வைத்த அதே செடி, பிறகு தீவில் பாதிக்கு மேல் பரவிவிட்டது. 2010இல் உலக மரபுரிமையான நக்கிள்ஸ் மலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நாம் அதை மறக்கலாமா?

தவறணையில் கன்று வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். வில் நரம்பு தெரிந்தால் பூக்கும்வரை தொட்டியிலேயே இருக்கட்டும். லக்கலப் பக்கம் வேலிக்கு அழகான செடி கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஹீன் போவிட்டியா. எட்டுக் கேசரத்தையும் எண்ணிய பிறகு நடுங்கள்.