நெல்லிலையிலிருந்து டி.என்.ஏ. மாதிரி ஆயத்தஞ் செய்தல்

இலங்கையின் பழைய நெல்லினங்களுள் ரத்துஹீனட்டியும் ஒன்றாகும். “ரத்து” என்னுஞ் சிங்களச் சொல் செந்நிறத்தைக் குறிக்கும். நெற்பயிரின் அடித்தண்டிற் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சி, வயலைத் தீயாற் கருகியதுபோல ஆக்கிவிடும் கபிலநிறத் தத்தியை இவ்வினம் எதிர்த்து நிற்கவல்லது. அவ்வியல்பைத் தரும் பரம்பரையலகு ஒன்று இதிலுண்டென 1977ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆயினும், அது யாதென்பதைச் சீன ஆராய்ச்சியாளர் பிரித்துக் காட்டியது 2015ஆம் ஆண்டிலேயே. ஒன்றையொன்று ஒத்த மூன்று அலகுகள் அடுத்தடுத்து அமைந்த தொகுதியே அதுவென அப்பொழுது தெரியவந்தது.

இத்தகைய தொகுதிகளைப் பிழையின்றி வாசிப்பது எளிதன்று. நெல்லின் 12 நிறமூர்த்தங்களிலும் ஏறத்தாழ 39 கோடி மூலச்சோடிகள் உள. சில பொறிகள் ஒரு முறைக்கு 150 மூலங்கள் வரையே வாசிக்கும். ஒத்த அலகுகள் அருகருகே இருப்பின், ஒரு சிறு துண்டு அவற்றுள் எதற்கு உரியதென்று கூறவியலாது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட மூலங்களைத் தொடர்ச்சியாக வாசிக்கும் பொறிகள் இக்குறையை நீக்கியுள்ளன. ஆனால், கொடுத்த துண்டின் நீளத்துக்கு மேல் எப்பொறியும் வாசிக்கமாட்டாது. எனவே பொறியின் விலையைவிட, மாதிரி எடுப்பவரின் கைப்பக்குவமே இங்கு முக்கியமாகின்றது.

இதற்கு வயல் வேண்டியதில்லை. வெள்ளவத்தையின் மாடிவீட்டிலோ கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய முற்றத்திலோ ஒரு சட்டியில் நெல்லை வளர்க்கலாம். பழைய இனங்களின் விதையிற் கலப்பிருப்பது வழக்கமாகையால், பல நாற்றுக்களின் இலைகளை ஒன்றுசேர்த்தல் கூடாது. ஒரே விதையில் முளைத்த செடியைக் கிளைவிடும்வரை வளர்த்து, அதிலிருந்தே இலை எடுத்தல் வேண்டும். இலை கொய்வதற்கு முன் ஓரிரு நாட்கள் செடியை இருட்டறையில் வைத்தால், இலையிலுள்ள மாப்பொருள் பெரும்பாலுஞ் செலவாகிவிடும். முற்றிய இலையை விட்டு, இளந்தளிரையே கொய்க.

கொய்த கணமே இலை கெடத் தொடங்குகின்றது. கலங்கள் சிதையும்போது வெளிப்படும் நொதியங்கள் டி.என்.ஏ. இழையை வெட்டுகின்றன. பொலித்தீன் பையில் இலையைப் போட்டு, நண்பகலிற் காலி வீதிப் பஸ்ஸில் கொண்டுசெல்வது மாதிரியை வேகவைப்பதற்கு ஒப்பாகும். இலையை ஈரத்தாளிற் சுற்றிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வுகூடம் சேர்த்தல் நன்று. சிலிக்கா ஜெல்லில் உலர்த்துவது சிறு துண்டுகளை வாசிக்கும் பொறிக்குப் போதுமாயினும், நீண்ட இழைக்கு அத்துணை உகந்ததன்று. கொழும்பின் கடற்காற்றில் அந்த ஜெல்லும் விரைவில் ஈரமேறிவிடும். நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால் அவற்றை மாற்றுதல் வேண்டும்.

ஆய்வுகூடத்தில், மறை 196 பாகை சதமளவையிலுள்ள திரவ நைதரசனில் இலையை உறையவைத்து, உரலில் மாவாக அரைப்பர். மா இளகுவதற்குமுன், சீ.ரீ.ஏ.பி. என்னும் அழுக்ககற்றியும் மிகுந்த உப்புஞ் சேர்ந்த சூடான கரைசலில் அதனை இடுதல் வேண்டும். அழுக்ககற்றி கலமென்சவ்வைக் கரைக்கும். உப்பு மிகுதியால், பசைத்தன்மையுள்ள மாச்சத்துக்கள் டி.என்.ஏ.யுடன் ஒட்டாது விலகும். கரைசலிலுள்ள ஈ.டி.ரீ.ஏ. மகனீசியத்தைப் பிடித்துக்கொள்வதால், அதனை நம்பியிருக்கும் வெட்டும் நொதியங்கள் செயலற்றுப்போம். 65 பாகையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்தபின், குளோரோபோமினாற் புரதத்தைப் பிரித்து, அற்ககோல் சேர்க்க, டி.என்.ஏ. வெண்ணிற நூலாகத் திரண்டு வரும். குளோரோபோமும் திரவ நைதரசனும் ஆபத்தானவை. இவ்வேலையை வீட்டிற் செய்ய முற்படலாகாது.

அதன்பின் குழாயைப் பலமாகக் குலுக்குவதே பெருந்தவறு. அவசரமாகக் குலுக்கும் ஒரு கை, அதுவரை காத்த இழைகளை நொடியிற் சிதைத்துவிடும். குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தியே கலக்கவேண்டும். நுனி அகன்ற குழாயியையே கையாளவேண்டும்.

தூய்மையை ஊதாக்கடந்த ஒளியால் அளப்பர். 260, 280 நனோமீற்றர்களில் உறிஞ்சலின் விகிதம் 1.8 அளவில் இருத்தல் நன்று; குறைந்தாற் புரதம் எஞ்சியுள்ளதெனலாம். 260, 230 ஆகியவற்றின் விகிதம் 2க்குக் குறைந்தால் மாச்சத்தோ உப்போ கலந்துள்ளதென்பது பெறப்படும். ஆனால், இழை நீண்டதா துண்டானதா என்பதை இவ்வளவீடு கூறாது. மின்புலத்தில் ஜெல்லினூடாக ஓட்டிப் பார்த்தாலே அது புலனாகும். நல்ல மாதிரி மேலே ஒரே பட்டியாக நிற்கும். கெட்டது கீழ்நோக்கிப் புகைபோலப் பரவும்.

வீட்டுத்தோட்டத்து மா, பலா போன்ற மரங்களின் இலையில் பொலிபீனோல்கள் மிகுதி. அரைத்தவுடன் அவை காற்றுப்பட்டுக் கபிலநிறமடைந்து டி.என்.ஏ.யுடன் பிணைந்துவிடும். இவற்றுக்குப் பீ.வீ.பீ. என்னும் பொருளைக் கரைசலிற் கூடுதலாகச் சேர்ப்பர்.

ஆயத்தமான நீண்ட இழையைச் சில கிழமைகளுள் வாசிப்பதாயின், 4 பாகையில் வைத்தல் நன்று. உறையவைத்து இளக்குவதை மீண்டும் மீண்டும் செய்தால் இழை முறியும். இனத்தின் பெயர், விதை பெற்ற ஊர், செடியின் இலக்கம், கொய்த திகதி ஆகியவற்றை நீரில் அழியாத மையினாற் குழாயின் மூடியிலன்றி உடலில் எழுதுக, மூடிகள் மாறிவிடுவதுண்டு.