மலையேறும் வண்டிகள் – 9: ஹெட்டை இறக்காமல் வால்வ் சீல்

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் பழைய ஆம்னி வேனுக்குப் பின்னால் பைக்கில் வருகிறவர், பானெட்டையோ சீட்டையோ திறக்காமலே அதன் நோயைச் சொல்லிவிடலாம். இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வளைவு வளைவாக இறங்கும்வரை சைலன்சர் சாதுவாக இருக்கும். அடிவாரத்தில் சமதளம் வந்து டிரைவர் மிதித்ததும் குபுக்கென்று நீலப் புகை. சில விநாடிதான். பிறகு ஒன்றுமில்லை.

“வண்டி ஆயில் குடிக்குது, எஞ்சினை இறக்கணும்” என்று யாராவது தீர்ப்பு எழுதுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அவசரத் தீர்ப்பு அது.

கால் எடுத்ததும் பெட்ரோல் எஞ்சினின் திராட்டில் மூடிக்கொள்கிறது. சக்கரங்களோ எஞ்சினை வேகமாகச் சுற்றவைக்கின்றன. உள்ளே இழுக்கக் காற்று இல்லாததால் இன்டேக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அந்த இழுவைக்கு எதிராக, வால்வின் தண்டைக் கவ்விக்கொண்டு ஆயிலை மறிப்பது சுண்டுவிரல் நுனியளவு ரப்பர் சீல் ஒன்றே. அது வெந்து இறுகியிருந்தால், ஹெட்டின் மேல் தெறிக்கும் ஆயில் தண்டு வழியே கசிந்து உள்ளே போகும். இதே மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகம் இருப்பது 725 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்திலிருந்து தரைக்கு இறங்குகிற வண்டி வழிநெடுக இப்படி ஆயிலை உறிஞ்சிச் சேர்த்துவைத்து, கீழே வந்து மொத்தமாக எரிக்கிறது.

பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கதை வேறு. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் புகை வந்துகொண்டே இருக்கும். ஒரே பார்வையில் முடிவெடுக்காமல் கம்ப்ரஷன் பார்த்துவிடுவது நல்லது. மார்கழிக் காலையில் மலையில் வண்டியை எடுத்ததும் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் வெறும் நீராவி; அதற்காக மெக்கானிக்கைத் தேட வேண்டாம். டீசல் ஜீப்புகளுக்கும் இந்த இறக்கச் சோதனை அப்படியே பொருந்தாது. பழைய டீசல்களில் காற்றை மறிக்கும் திராட்டில் கிடையாது.

சீல்தான் என்று உறுதியானால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். ஹெட்டை இறக்கினால் புது கேஸ்கெட் வேண்டும், கூலன்ட்டை வடிக்க வேண்டும், டைமிங்கைப் பிரிக்க வேண்டும், லேத்துக்கு அனுப்பி முகம் சமன் பார்க்க வேண்டும். மலையில் இருப்பவருக்கு அந்த லேத் வேலைக்கே போளூரோ திருப்பத்தூரோ இறங்கவேண்டி வரும்.

இருக்கும் சிக்கல் ஒன்றுதான்: ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வ் சிலிண்டருக்குள் விழுந்துவிடும். அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு வழி உண்டு. ஸ்பார்க் பிளக் துளையில் அடாப்டர் மாட்டி, பஞ்சர் கடை கம்ப்ரசரிலிருந்து 100 பவுண்டு காற்றை ஏற்றுவது ஒன்று. அப்போது கை கவனம். ஆம்னியின் 796 சிசி எஞ்சினில் பிஸ்டன் விட்டம் 68.5 மில்லிமீட்டர், 100 பவுண்டு காற்று அதன் தலையில் 250 கிலோவுக்கு மேல் அழுத்தும். பிஸ்டன் சரியாக உச்சியில் நிற்காவிட்டால் கிராங்க் சட்டென்று சுற்றிவிடும். அதனால் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவைப்பார்கள்.

கரண்ட் போன மலையூருக்கு ஏற்றது இன்னொரு வழி, கயிறு. இரண்டு வால்வும் மூடியிருக்க, பிஸ்டன் மேலேறும் பாதியில் நிற்கும்போது சுத்தமான, பிசிறில்லாத நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியே திணித்து, வால் நுனியை வெளியே முடிச்சிட்டுவிட வேண்டும். பிறகு கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றினால் கயிறு மெத்தையாக அடைந்து வால்வைத் தாங்கும். கம்ப்ரசர் இருக்கிற கடையிலும் சிலர் கயிற்றையே நம்புவதில் நியாயம் உண்டு: காற்று கசியும், கயிறு கசியாது.

ராக்கரை விலக்கி, ஸ்பிரிங்கை அழுத்தினால் இரண்டு சின்ன லாக்குகள் வெளிவரும். ஆயில் வடியும் துளைகளில் முன்னதாகவே துணி அடைத்திருக்க வேண்டும். ஒரு லாக் கீழே ஆயில் பேனுக்குள் விழுந்தால் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் போச்சு. காந்தம் வைத்து எடுப்பது பத்திரம். பழைய சீலைப் பிடுங்கி, தண்டில் ஆயில் தடவி, லாக் பள்ளம் புது சீலின் உதட்டைக் கிழிக்காதபடி பிளாஸ்டிக் உறை மாட்டி இறக்குவார்கள். ஆம்னியில் வால்வுகள் ஆறு, சீலும் ஆறு. ஈகோவின் எஞ்சினில் வால்வுகள் 16 என்பதால் அங்கே இந்த வேலை அத்தனை லாபமில்லை.

சீல் வாங்கும்போது எந்த ரப்பர் என்று கேளுங்கள். சாதாரண நைட்ரைல் 120 டிகிரி சூட்டைத் தாண்டினால் சீக்கிரம் இறுகும். 1957-ல் டூபாண்ட் சந்தைக்குக் கொண்டுவந்த வைட்டான் வகை 200 டிகிரி வரை தாங்கும். விலை கூடுதல்தான், இதில் கஞ்சத்தனம் கூடாது.

புது சீலை மாட்டும் முன், ஸ்பிரிங் இல்லாமல் நிற்கும் வால்வ் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். கலகலவென்று ஆடினால் தேய்ந்தது வால்வ் கைட். எந்த உசத்தி சீலும் அங்கே நிலைக்காது. அந்த வண்டிக்கு மட்டும் ஹெட்டை இறக்கச் சம்மதியுங்கள்.