லேப்டாப்பில் ‘டேப் சவுண்டு’ வருவது எப்படி? ப்ளக்-இன் இருக்கும்போது பழைய கேசட் எதற்கு?

“பாட்டு கிளீனா இருக்கு. ஆனா ஒரு ஃபீல் இல்லையே!” வீட்டில் லேப்டாப் வைத்துக்கொண்டு கவர் பாடல், பாட்காஸ்ட், குறும்படம் என்று செய்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. உடனே நண்பர்களில் ஒருவர், “ஒரு டேப் ப்ளக்-இன் போட்டுப் பாரு மச்சி” என்பார். போட்டதும் குரல் கொஞ்சம் தடிமனாகும். தாளம் காதில் குத்தாமல் மெத்தென்று விழும். டேப்பில் பதிவான 70, 80-களின் பாடல்களில் கேட்ட அந்த வெதுவெதுப்பு எட்டிப் பார்க்கும்.

டேப்பே இல்லாமல் டேப்பின் ஒலி எப்படி வருகிறது? அதுதான் வந்துவிட்டதே, பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

சுருக்கமான பதில்: டேப்பின் குணத்தைக் கணக்குப் போட்டுக் கொண்டுவரலாம். டேப்பில் பதிவான குரலை எந்தக் கணக்காலும் கொண்டுவர முடியாது. இனி கொஞ்சம் விரிவாக.

டேப்பில் என்னதான் நடக்குது?

கேசட்டுக்குள் இருக்கும் பழுப்பு நிற நாடா, மெல்லிய பிளாஸ்டிக் மீது இரும்பு ஆக்சைடு துகள்கள் பூசப்பட்ட ஒன்று. ஒலி மின் அலையாக மாறி ரெக்கார்டிங் ஹெட்டுக்கு வருகிறது. ஹெட் என்பது ஒரு குட்டி மின்காந்தம். நாடா அதை உரசியபடி ஓடும்போது, ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப துகள்கள் காந்தமாகின்றன. பிளே செய்யும்போது இதே கதை தலைகீழாக நடக்கும்.

ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மேக்னட்டோஃபோன்’ டேப் கருவியைக் காட்சிக்கு வைத்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்தது. ஸ்டுடியோ டேப் பெரும்பாலும் நொடிக்கு 38.1 அல்லது 76.2 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். கேசட்டின் வேகம் வெறும் 4.76 சென்டிமீட்டர். மெதுவாக ஓடும் நாடாவில் ஒலி நெருக்கியடித்துக்கொண்டு எழுதப்படும். அதனால்தான் கேசட்டில் ஜால்ரா, சலங்கை மாதிரியான கூர்மையான ஒலிகள் சீக்கிரம் மங்கிவிடுகின்றன.

சர்க்கரை ஆலை ஊரில் ஒரு பாடம்

‘சாச்சுரேஷன்’ என்பதற்குப் பள்ளிப் புத்தகத் தமிழ் ‘தெவிட்டு நிலை’. இதைப் புரிந்துகொள்ள நாமக்கல் மாவட்டம் மோகனூர் நல்ல இடம். காவிரிக் கரையில் உள்ள இந்த ஊரில்தான் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் கரையாது, அடியில் தங்கிவிடும். தண்ணீர் தெவிட்டிவிட்டது என்று அர்த்தம். கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் காய்ச்சி இந்த எல்லையைத் தாண்ட வைக்கும்போதுதான் ஆலையில் சர்க்கரைப் படிகங்கள் உருவாகின்றன.

டேப்பிலும் இப்படித்தான். துகள்கள் எல்லாம் ஒரே திசையில் காந்தமாகிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு சத்தம் கொடுத்தாலும் ஏற்க இடமில்லை. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. டேப் சட்டென்று கதவைச் சாத்தாது. எல்லையை நெருங்க நெருங்க, கொடுப்பதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாங்கிக்கொள்ளும். இதை வரைபடமாகப் போட்டால் நேர்க்கோடு மெல்ல வளைந்து படுத்துக்கொள்வது தெரியும். அந்த வளைவில்தான் ‘டேப் சவுண்டு’ இருக்கிறது.

டிஜிட்டலில் அப்படி வளைவு கிடையாது. உச்ச அளவு பூஜ்ய டெசிபல். அதைத் தாண்டும் அலையின் தலை கத்தியால் வெட்டியது போலத் தட்டையாகிவிடும். ஃபோனில் எடுத்த திருவிழா வீடியோவில் பறைச் சத்தம் ‘கரகர’ என்று உடைவது பெரும்பாலும் இதனால்தான்.

வளைந்தால் காதுக்கு ஏன் பிடிக்கிறது?

முதல் காரணம், உச்சங்கள் உருண்டுவிடுகின்றன. உடுக்கை அடியின் முதல் நொடித்துளி மிகக் கூர்மையானது. டேப் அந்தக் கூர்மையை மட்டும் லேசாகத் தேய்த்துவிடும். அடி மெத்தென்று கேட்கும். மொத்த ஒலியையும் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைக்கவும் இடம் கிடைக்கும்.

இரண்டாவது காரணம், புதிய துணை ஒலிகள் பிறக்கின்றன. இவற்றை ஹார்மோனிக்ஸ் என்பார்கள். டேப்பின் வளைவு மேலும் கீழும் ஒரே மாதிரி இருப்பதால் 3, 5 என்று ஒற்றைப்படை மடங்குகளே அதிகம் வரும். 200 ஹெர்ட்ஸ் சுருதியை ‘ச’ என்று வைத்துக்கொண்டால், அதன் மூன்று மடங்கான 600 ஹெர்ட்ஸ் என்பது மேல் ஸ்தாயி ‘ப’. சட்ஜமத்தோடு பஞ்சமம் சேர்ந்தால் காது உறுத்துமா? தம்பூராவில் தினமும் கேட்கும் ஜோடிதானே அது!

ஆனால் அளவு முக்கியம். ஒரு டேப்பின் அதிகபட்சப் பதிவு அளவைச் சொல்லும்போது, மூன்றாவது ஹார்மோனிக் 3 சதவீதத்தைத் தொடும் புள்ளியைத்தான் வழக்கமாகக் கணக்கில் எடுப்பார்கள். அதற்கும் மேலே தள்ளினால் இனிமை போய் இரைச்சல் வரும்.

ஃபோனில் பாட்டு கேட்பவர்களுக்கு இதில் ஒரு போனஸ் உண்டு. 60 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியை ஃபோனின் குட்டி ஸ்பீக்கரால் தர முடியாது. ஆனால் அதிலிருந்து பிறந்த 180, 300 ஹெர்ட்ஸ் துணை ஒலிகளை ஓரளவு தர முடியும். அவற்றைக் கேட்டதும், கீழே பேஸ் இருக்கிறது என்று மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

கணக்கு எப்படி டேப் ஆகிறது?

எளிமையான வழி, அந்த வளைவை ஒரு சூத்திரமாக எழுதுவது. உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணையும் சூத்திரத்தில் போட்டால், பெரிய எண்கள் மட்டும் கொஞ்சம் சுருங்கி வெளியே வரும். இதற்கென்றே தனிக் கருவிகளும் வந்தன. டேவ் ஹில் வடிவமைத்த கிரேன் சாங் நிறுவனத்தின் ‘ஹெட்’ என்ற டிஜிட்டல் பிராசசரில் ட்ரையோடு, பென்டோடு, டேப் என்று மூன்று குமிழ்கள் இருக்கும். முதல் இரண்டும் வால்வு ஒலிக்கு, மூன்றாவது டேப் ஒலிக்கு.

ஆனால் உண்மையான டேப்புக்கு ஞாபகம் உண்டு. பிளஸ் டூ இயற்பியலில் ‘காந்தத் தயக்கம்’ படித்திருப்பீர்கள். ஒரு துகள் இப்போது எவ்வளவு காந்தமாகும் என்பது, இப்போது வரும் மின்சாரத்தோடு சேர்த்து, ஒரு நொடித்துளிக்கு முன் அது எந்த நிலையில் இருந்தது என்பதையும் பொறுத்தது. வெறும் வளைவுச் சூத்திரத்துக்கு இந்த ஞாபகம் கிடையாது.

இதைச் சரிசெய்ய, காந்தப் பொருட்களுக்காக 1980-களில் ஜைல்ஸ், ஆதர்ட்டன் என்ற இரு இயற்பியலாளர்கள் உருவாக்கிய சமன்பாட்டை ஒலித்துறையினர் கையில் எடுத்தார்கள். ஜதின் சௌத்ரி 2019-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், சோனி டிசி-260 என்ற பழைய டேப் ரெக்கார்டரை இந்த முறையில் கணினியில் உருவாக்கிக் காட்டினார். அதிலிருந்து வந்த ‘சௌ டேப் மாடல்’ ப்ளக்-இன் இலவசம். அதன் நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு ஸ்டூடர் ஏ800 போன்ற ஸ்டுடியோ கருவிகளின் மாதிரிகளும் கிடைக்கின்றன.

நல்ல ப்ளக்-இன் இதோடு நிற்காது. நாடா ஓட்டத்தின் சின்னச் சின்ன நடுக்கம், பின்னணியில் வரும் ‘ஸ்ஸ்’ இரைச்சல், ஹெட்டின் அமைப்பால் பேஸில் வரும் லேசான புடைப்பு, தேய்ந்துபோகும் கூர்மை என எல்லாவற்றையும் தனித்தனிக் குமிழ்களாகத் தரும். அந்தக் காலப் பொறியாளர்கள் ஒழிக்கப் பாடுபட்ட குறைகளை இன்று நாம் தேடிப் பிடித்துச் சேர்க்கிறோம்!

இல்லாத ஸ்வரம் எங்கிருந்து வருது?

கணினியில் மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் டிஜிட்டல் ஒலியில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வைக்க முடியாது. மேலே போகும் ஒலி மறைந்துவிடாமல் மடங்கிக் கீழே விழும்.

உதாரணத்துக்கு 9,000 ஹெர்ட்ஸ் சலங்கை ஒலியை எடுத்துக்கொள்வோம். சாச்சுரேஷன் உருவாக்கும் அதன் ஐந்தாவது மடங்கு 45,000. இதற்கு இடமில்லை என்பதால் 45,000-க்கும் 44,100-க்கும் உள்ள வித்தியாசமான 900 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். யாரும் வாசிக்காத, சுருதியில் சேராத ஒரு ஸ்வரம் பாட்டின் நடுவே வந்துவிடும். உண்மையான டேப்பில் இது நடப்பதே இல்லை.

இதற்குத் தீர்வு ‘ஓவர்சாம்ப்ளிங்’. மாதிரிகளின் எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்டி, கணக்கை முடித்து, மேலே உள்ளதை வடிகட்டிவிட்டுப் பழைய எண்ணிக்கைக்கே திரும்புவது. கணினிக்கு வேலை கூடும். மலிவான ப்ளக்-இன் சில நேரம் ‘கண்ணாடி மாதிரி’ கூசுவதற்கு இந்த மடிப்பும் ஒரு காரணம்.

போடும்போது கவனிக்க

சாச்சுரேஷன் போட்டதும் ஒலி கூடும். சத்தம் கூடினால் நல்லா இருக்கிற மாதிரியே காதுக்குத் தோன்றும். அதனால் வெளியே வரும் அளவைக் குறைத்து, போடாத ஒலியோடு சமமாக்கி மாற்றி மாற்றிக் கேளுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா டிராக்கிலும் அள்ளிக் கொட்ட வேண்டாம். டிரம்ஸ், பேஸ், குரல் என்று தேவைப்படும் இடத்தில் கொஞ்சமாகப் போட்டாலே போதும். ஓவர்சாம்ப்ளிங் பட்டன் இருந்தால், கடைசியாக ஃபைலாக எடுக்கும்போதாவது ஆன் செய்யுங்கள்.

பதிவிலேயே உடைந்த ஒலியை டேப் ப்ளக்-இன் சரிசெய்யாது. உதாரணமாக, மோகனூர் நாவலடி கருப்பண்ண சாமி கோயிலில் பம்பையும் உடுக்கையும் ஒலிப்பதை ஃபோனில் எடுக்கிறீர்கள் என்றால், வாத்தியங்களிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று, பதிவு அளவைக் குறைத்து எடுப்பதே வழி. வெட்டுப்பட்ட அலையின் தலை திரும்ப முளைக்காது.

அப்போ பழைய கேசட்?

கொங்கு மண்ணில் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடும் அண்ணன்மார் கதையை, கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் டேப்பில் பதிவு செய்தார். அந்தப் பதிவை வைத்தே 1982-ல் அவருடைய ஆய்வு நூல் வந்தது. பின்னர் கதை முழுவதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சானது. அனிமேஷன் தொடராகவும் ஆனது. அந்தப் பாடகரின் குரலும் மூச்சும் உடுக்கையும் அப்படியே நிற்கக் காரணம் அந்த நாடாதான். ப்ளக்-இன் எவ்வளவு முன்னேறினாலும் அந்த இரவுகளைத் திரும்பப் பாட வைக்காது.

மோகனூர், நாமக்கல் பக்கத்து வீடுகளிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். அப்பத்தாவின் ஒப்பாரி, கோயில் கொடை, கல்யாண நாகஸ்வரம், வெளிநாட்டுக்குப் போன மாமா கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பிய கேசட். காந்தப் பூச்சு நிரந்தரமில்லை. சூடும் ஈரமும் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பசை இளகும். ஓட்டுவதற்கு நல்ல டெக் கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

அதனால் முதலில் டிஜிட்டலாக மாற்றுங்கள். பூஞ்சை பிடித்ததை ஓட்டிப் பார்க்காமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், டெக்கின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, லைன் அவுட்டிலிருந்து ஒயர் மூலம் கணினிக்கு எடுங்கள். ஸ்பீக்கர் முன்னால் ஃபோனை வைக்காதீர்கள். 24 பிட்டில், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸில், முடிந்தால் 96-ல், ‘வேவ்’ ஃபைலாகச் சேமியுங்கள். இரைச்சல் நீக்குவது, சாச்சுரேஷன் சேர்ப்பது எல்லாம் நகலில் மட்டும். மூலப் பிரதியில் கை வைக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள்.

நாட்டுப்புறப் பாடல், கூத்து மாதிரியான அரிய பதிவு என்றால் ஆவணக் காப்பகங்களை அணுகலாம். இசைப் பதிவுகளுக்கென்றே அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982-ல் தொடங்கிய காப்பகம் ஹரியானாவின் குருகிராமில் இருக்கிறது.

டேப்பின் வெதுவெதுப்பை அடுத்த வருஷம் கூட ஒரு கிளிக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அப்பத்தாவின் குரலுக்கு அந்த வசதி இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் ஏறுங்கள்.