கண் முன்னே காய்ச்சிய வெல்லம்



உடுமலையிலிருந்து சின்னாறு வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் கேரளத்து மறையூர். சந்தனக் காட்டுக்கும் கரும்புக்கும் பெயர் பெற்ற மலைப் பள்ளத்தாக்கு. அங்கு கையால் உருட்டும் உருண்டை வெல்லத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாங்கி விற்று வருகிறேன்.

எனக்குச் சரக்கு போட்டு வந்த ஒரு குடும்பம், கரும்புத் தோட்டத்தின் ஓரம் மூன்று குடில்கள் கட்டி, வெளியூர்க்காரர்களைத் தங்க வைக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அவர்களிடமிருந்து மூட்டை வருவது குறைந்துவிட்டது. காரணம் அறிய நேரில் போய் இரண்டு நாள் தங்கினேன்.

பெரியவர் ஆலையைப் பார்க்கிறார். மகன் குடில்களைக் கவனிக்கிறார். மருமகள் சமையல். காலையில் விருந்தினர் அனைவரும் ஆலைக்கொட்டகையில் கூடிவிடுகிறார்கள். சாறு பிழிவதும், சுண்ணாம்பு சேர்த்து அழுக்கெடுப்பதும், காய்ந்த சக்கையை எரித்துக் கொப்பரையில் காய்ச்சுவதும், பாகு ஆறியதும் உருட்டுவதும் அவர்கள் கண் முன்னே நடக்கின்றன. கிளம்பும்போது ஆளுக்கு ஐந்து கிலோ, பத்து கிலோ வாங்குகிறார்கள். யாரும் விலை பேசவில்லை.

பெரியவரிடம் என் குறையைச் சொன்னேன். அவர், "முதலாளி, வேற ஊர் வெல்லமெல்லாம் எங்க பேர்ல கடைக்குப் போச்சு. எங்க சரக்குக்கு விலை இல்லாம போச்சு. பார்த்து வாங்குறவங்க வரட்டும்னுதான் இந்தக் குடில்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. பொங்கல் சமயம் ஒன்றில் சரக்குத் தட்டியபோது, வேறு ஊர் வெல்லத்தை மறையூர் என்று தள்ளிவிட்டவர்களில் நானும் ஒருவன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால், 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், அபராதமும் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் கெடுத்த பெயரை மீட்க ஒரு விவசாயக் குடும்பம் வீட்டு வாசலையே திறந்துவிட வேண்டியதாயிற்று. நமக்கு நட்டம் அங்கேதான் தொடங்கியது.

இப்போது என் மண்டியில் இரண்டு வெல்லமும் தனித்தனியே இருக்கின்றன. ஊர்ப் பெயரை அட்டையிலும் பில்லிலும் எழுதுகிறேன். பெரியவர் மாதம் பத்து மூட்டை தர ஒப்புக்கொண்டிருக்கிறார். நண்பர்களும் இன்றே தங்கள் கடை அட்டைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.