ஸ்டியரிங் உடைந்ததால் கார் மோதியதா? மோதியதால் ஸ்டியரிங் உடைந்ததா? கோர்ட்டு விடை சொல்ல 13 ஆண்டு ஆனது!

உலகப்புகழ் பெற்ற கார் பந்தய வீரர் அயர்டன் சென்னா. பிரேசில் நாட்டைச் சேர்ந்தவர். பார்முலா ஒன் பந்தயத்தில் 3 முறை உலக சாம்பியன் பட்டம் வென்றவர்.

1994-ம் ஆண்டு மே மாதம் 1-ந்தேதி இத்தாலியில் உள்ள இமோலா பந்தய மைதானத்தில் அவர் ஓட்டிய கார் கான்கிரீட் சுவரில் மோதியது. காரின் வலது பக்கம் அப்பளம் போல் நொறுங்கியது. படுகாயம் அடைந்த சென்னா ஹெலிகாப்டரில் போலோக்னா நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கு அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 34.

நொறுங்கிய காருக்குப் பக்கத்தில் ஸ்டியரிங் வளையம் தனியாகக் கிடந்தது. அதோடு ஒட்டியபடி உடைந்த ராடு துண்டு ஒன்றும் இருந்தது. அந்தத் துண்டுதான் பெரிய வழக்குக்கே காரணமாகி விட்டது.

ராடு உடைந்ததால் கார் மோதியதா? அல்லது கார் மோதிய வேகத்தில் ராடு உடைந்ததா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி இத்தாலி கோர்ட்டுகள் 2007-ம் ஆண்டு வரை விசாரணை நடத்தின. வண்டி ஓட்டுகிற, வண்டி பழுது பார்க்கிற ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது.

7-வது சுற்றில் நடந்தது என்ன?

அன்று பந்தயம் தொடங்கிய உடனேயே 2 கார்கள் மோதிக்கொண்டன. பாதையில் சிதறிய துண்டுகளை அகற்ற வேண்டி இருந்தது. அதனால் "சேப்டி கார்" எனப்படும் பாதுகாப்பு கார் முன்னால் மெதுவாகப் போக, பந்தய கார்கள் அதன் பின்னால் வரிசையாகச் சென்றன. 5-வது சுற்று முடிவில் பாதுகாப்பு கார் ஒதுங்கியது. மறுபடியும் பந்தயம் சூடு பிடித்தது.

சென்னா முதல் இடத்தில் இருந்தார். அவருக்கு நேர் பின்னால் மைக்கேல் ஷூமாக்கர் வந்தார். 7-வது சுற்றில் "டம்புரெல்லோ" என்ற இடது பக்க வளைவுக்கு சென்னா வந்தபோது வேகம் மணிக்கு 300 கிலோ மீட்டருக்கும் மேல். இடது பக்கம் திரும்ப வேண்டிய கார் வளைவில் திரும்பாமல் நேராகப் பாதையை விட்டு வலது பக்கம் ஓடியது. அங்கே சுவர் மிக அருகில் இருந்தது. சுவருக்குப் பின்னால் ஆறு ஓடுவதால் அதைத் தள்ளிக் கட்ட இடம் இல்லை.

கார் பாதையை விட்டு விலகியதற்கும் சுவரில் மோதியதற்கும் இடைப்பட்ட நேரம் 2 வினாடி கூட இல்லை. அந்த நேரத்திலும் சென்னா பிரேக் பிடித்திருக்கிறார். காரில் இருந்த கம்ப்யூட்டர் பதிவில் இது தெரிய வந்தது. ஆனாலும் மோதும்போது வேகம் 200 கிலோ மீட்டருக்கும் மேல் இருந்தது. பிய்ந்து வந்த முன் சக்கரமும், அதைத் தாங்கும் பாகமும் அவர் தலையைத் தாக்கின.

ராடில் என்ன கோளாறு?

டிரைவர் கையில் பிடிக்கும் வளையத்தையும், முன் சக்கரங்களைத் திருப்பும் பல்சக்கரப் பெட்டியையும் இணைக்கும் குழாய்க்கு "ஸ்டியரிங் காலம்" என்று பெயர். சுருக்கமாக ஸ்டியரிங் ராடு என்று வைத்துக்கொள்ளலாம். அது உடைந்தால் வளையத்தை எப்படிச் சுற்றினாலும் சக்கரம் திரும்பாது.

சென்னா அந்த ஆண்டுதான் வில்லியம்ஸ் அணியில் சேர்ந்திருந்தார். புதிய காரில் டிரைவர் உட்காரும் இடம் நெருக்கடியாக இருக்கிறது, கைக்கு இடம் போதவில்லை என்று அவர் சொன்னார். அதற்காக ஸ்டியரிங் ராடில் மாற்றம் செய்தார்கள். அதில் ஒரு பகுதிக்கு மட்டும் முன்பு இருந்ததை விட மெல்லிய குழாய் பயன்படுத்தப்பட்டது. பெரிய குழாயும் சிறிய குழாயும் சேரும் அந்த இடத்தின் அருகேதான் பின்னர் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது.

இரும்பு கம்பியின் பலம் அதன் தடிமனைப் பொறுத்தது. 10 மில்லி மீட்டர் கம்பியை 5 மில்லி மீட்டராகக் குறைத்தால் முறுக்கைத் தாங்கும் பலம் பாதியாகக் குறையும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது தப்பு. பலம் எட்டில் ஒரு பங்காகி விடும். அதனால் கொஞ்சம் மெலிந்தாலும் பாதிப்பு அதிகம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தடிமன் திடீரென்று மாறும் இடத்தில் முழு பாரமும் அந்த ஒரே கோட்டில் போய் நிற்கும். விரிசல் அங்கேதான் விடும். அதனால்தான் அனுபவம் உள்ள லேத் தொழிலாளி, தண்டின் அளவு மாறும் மூலையைக் கூர்மையாக விடாமல் வளைவாகக் கடைந்து கொடுக்கிறார்.

கட்டு கம்பி கணக்கு

கட்டிட வேலையில் கட்டு கம்பியை உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே இழுப்பில் அறுக்க முடியாது. அதையே இப்படியும் அப்படியும் நாலு தடவை வளைத்தால் "பட்"டென்று ஒடிந்து விடும். இதற்கு "உலோகச் சோர்வு" என்று பெயர். சின்னச் சின்ன பாரம்தான், ஆனால் திரும்பத் திரும்ப வருவதால் இரும்பு களைத்துப் போகிறது. முதலில் கண்ணுக்குத் தெரியாத கீறல். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். கடைசியில் மிச்சம் இருக்கும் பகுதி தாங்காமல் ஒரே அடியில் முறியும்.

உடைந்த முகத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். மெதுவாக விரிசல் விட்ட பகுதி வழவழப்பாக இருக்கும். ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த கோடு போல வரி வரியாகத் தெரியும். கடைசியில் ஒரேயடியாக முறிந்த பகுதி வெல்லக் கட்டியை உடைத்தது போலக் கரடுமுரடாக இருக்கும்.

சென்னா கார் ராடில் இந்த 2 வகையும் இருந்தன. அதாவது மோதுவதற்கு முன்பே ராடில் விரிசல் இருந்திருக்கிறது. இதை வில்லியம்ஸ் அணியும் மறுக்கவில்லை.

அப்படியானால் கதை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் முடியவில்லை. விரிசல் விட்டிருந்தது உண்மை. அது முழுசாக உடைந்தது வளைவிலா, சுவரிலா? சண்டையே அங்கேதான்.

கோர்ட்டில் அனல் பறந்த வாதம்

1997-ம் ஆண்டு இமோலாவில் விசாரணை தொடங்கியது. அணி உரிமையாளர் பிராங்க் வில்லியம்ஸ், தொழில்நுட்ப இயக்குனர் பேட்ரிக் ஹெட், கார் வடிவமைப்பாளர் அட்ரியன் நியூவி, மைதான அதிகாரிகள் உள்பட 6 பேர் குற்றம் சாட்டப்பட்டனர்.

சென்னா காரில் இருந்த கேமரா படம் கோர்ட்டில் போட்டுக் காட்டப்பட்டது. சுவரில் மோதுவதற்கு சற்று முன்பே அந்தப் படம் நின்று விடுகிறது. ஸ்டியரிங் வளையத்தில் உள்ள பட்டன் வழக்கத்துக்கு மாறாக அசைகிறது, ராடு உடைந்து கொண்டிருந்ததற்கு இதுவே சாட்சி என்று அரசு தரப்பில் வாதிட்டார்கள். அந்த அளவு ஆட்டம் இந்தக் காரில் சகஜம்தான் என்று வில்லியம்ஸ் தரப்பு பதில் சொன்னது. அதே அணியில் கார் ஓட்டிய டேவிட் கூல்தார்டும் அது இயல்பான அசைவுதான் என்று சாட்சி சொன்னார்.

அணியின் வாதம் வேறு. பாதுகாப்பு காருக்குப் பின்னால் மெதுவாகப் போனதில் டயர்கள் சூடு ஆறின. சூடு ஆறினால் டயருக்குள் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கார் தாழும். அந்தக் கார் ஏற்கனவே தரையோடு தரையாக ஓடுவது. பாதையின் மேடு பள்ளத்தில் அடிப்பாகம் தட்டி, டயர் பிடி விட்டுப் போனது. பின்பக்கம் நழுவியது, சென்னா அதைச் சமாளித்தார், அதன் பிறகுதான் கார் வெளியே போனது. ராடு உடைந்திருந்தால் அவர் எப்படிச் சமாளித்திருக்க முடியும் என்று கேட்டார்கள்.

1997 டிசம்பரில் 6 பேரும் விடுதலை செய்யப்பட்டனர். 1999-ல் அப்பீல் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. 2003-ல் உச்ச கோர்ட்டு வழக்கை மறுபடியும் விசாரிக்க உத்தரவிட்டது. 2005 மே மாதம் நியூவி விடுவிக்கப்பட்டார்.

2007 ஏப்ரல் 13-ந்தேதி உச்ச கோர்ட்டின் இறுதி முடிவு வந்தது. ஸ்டியரிங் ராடு உடைந்ததால்தான் விபத்து நடந்தது, ராடில் மாற்றம் செய்த விதம் மோசமானது, அதற்குப் பொறுப்பு பேட்ரிக் ஹெட் என்று கோர்ட்டு கூறியது. ஆனால் சட்டப்படி கால வரம்பு முடிந்து விட்டதால் அவருக்கு தண்டனை கிடையாது.

வடிவமைப்பாளர் சொல்வது என்ன?

கோர்ட்டு முடிவு சொன்னாலும் என்ஜினீயர்கள் நடுவில் விவாதம் ஓயவில்லை. ராடில் விரிசல் இருந்தது, அந்த வடிவமைப்பு மோசம் என்பதை நியூவியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனால் விபத்துக்கு அதுதான் காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. ஷூமாக்கர் காரில் இருந்து எடுத்த படத்தில் சென்னா காரின் பின்பக்கம் முதலில் நழுவுவது தெரிகிறது என்கிறார்.

அந்தக் காரில் இன்னொரு குறையும் இருந்தது. தரைக்கும் காருக்கும் இடையில் ஓடும் காற்றுதான் பந்தயக் காரைப் பாதையோடு அழுத்திப் பிடிக்கிறது. கார் ரொம்பத் தாழ்ந்தால் அந்தக் காற்று ஓட்டம் தடைபட்டு பிடி சட்டென்று போய் விடும். ஸ்டியரிங் சரியாக இருந்தாலும் டிரைவர் கைக்கு அது ஸ்டியரிங் கோளாறு மாதிரியே தெரியும்.

அந்தக் குறையை அணி கண்டுபிடித்து சரி செய்தது. காரின் பக்கவாட்டுப் பெட்டிகள் நீளம் குறைக்கப்பட்டு அதே ஆண்டில் திருத்திய கார் வந்தது. அதை ஓட்டிய டாமன் ஹில் கடைசி பந்தயம் வரை போராடி ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன் பட்டத்தை ஷூமாக்கரிடம் இழந்தார்.

விபத்துக்குப் பின் வந்த மாற்றம்

1995-ல் டம்புரெல்லோ வளைவு மாற்றி அமைக்கப்பட்டது. வேகத்தைக் குறைத்தால்தான் போக முடியும் என்கிற மாதிரி வளைத்து நெளித்து கட்டினார்கள். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 ஏப்ரலில் இமோலா பந்தயத்தில் ஓட்டியது இந்தப் புதிய பாதையில்தான்.

மோதினால் சக்கரம் பிய்ந்து பறக்காமல் இருக்க 1999 முதல் கயிறு போட்டுக் கட்டுவது கட்டாயம் ஆனது. 2018 முதல் டிரைவர் தலைக்கு மேல் "ஹேலோ" என்ற பாதுகாப்பு வளையம் வந்தது. சென்னாவுக்குப் பிறகு 20 ஆண்டுகள் பார்முலா ஒன் பந்தய விபத்தில் டிரைவர் யாரும் உயிரிழக்கவில்லை. 2014-ல் ஜப்பானில் விபத்தில் சிக்கிய ஜூல்ஸ் பியாஞ்சி 2015-ல் இறந்தார்.

ராடு போன்ற பாகங்களில் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. பாகத்தை சுத்தமாகத் துடைத்து சிவப்புச் சாயம் தடவுவார்கள். சாயம் கீறலுக்குள் இறங்கும். மேலே இருப்பதைத் துடைத்து விட்டு வெள்ளை மாவு தெளித்தால், கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு எட்டிப் பார்க்கும். பெரிய வெல்டிங் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய சோதனைதான்.

நம்ம வண்டிக்கு என்ன பாடம்?

ஸ்டியரிங்கில் தெரிவது எல்லாம் ஸ்டியரிங் கோளாறு அல்ல. கார், வேன், லாரி எதுவானாலும் இந்த வரிசையில் பாருங்கள்:-

* வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அடுத்தது வீல் அலைன்மெண்ட்.

* பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுக்கிறதா? கோளாறு பிரேக்கில் இருக்கலாம்.

* குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வளையம் நடுங்குகிறதா? வீல் பேலன்சிங் பாருங்கள்.

* வளையத்தைத் திருப்பியும் சக்கரம் உடனே திரும்பாமல் "ஆட்டம்" இருக்கிறதா? முன்பக்கம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை இடது வலது ஓரத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் டைராடு முனை தேய்ந்திருக்கலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங்.

* திருப்பும்போது "டக் டக்" சத்தம், புதிதாக வந்த ஆட்டம், இறுக்கம் எதுவானாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. வளைந்த ஸ்டியரிங் பாகத்தை நிமிர்த்தி, விரிசலுக்கு வெல்டிங் வைத்து, "இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்று மாட்டும் பழக்கம் வேண்டாம். கெட்டது எந்தப் பாகமோ அதற்குப் புதுசு வாங்கி மாட்டுங்கள். அந்த விரிசல் கடைசியில் எந்த வளைவில் முறியும் என்பதை எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.