அயல்நாட்டு அரங்குகளில் சீனத் திரைப்படம்

ஒரு நாட்டுத் திரைப்படம் அயல்நாடு செல்லுங்கால் அதனை எதிர்கொள்வோர் இருதிறத்தர். விருது வழங்கும் விழா நடுவர் ஒரு திறத்தர்; காசு கொடுத்துச் சீட்டுப் பெற்று அரங்கினுட் புகும் பொதுமக்கள் மற்றொரு திறத்தர். இவ்விரு திறத்தாரும் ஒருங்கே வரவேற்ற சீனப் படங்கள் மிகச் சிலவே. அதற்குரிய காரணத்தை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கமாகும்.

சாய் சூஷெங் இயக்கிய ‘மீனவர் பாட்டு’ 1935-இல் மாஸ்கோ திரைப்பட விழாவிற் பரிசு பெற்றது. வேற்றுநாட்டிற் பரிசு பெற்ற முதற் சீனப்படம் அதுவே. ஆயினும் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது 1954-இல் ஜெனீவாவில் நிகழ்ந்த ஒன்றாகும். கொரியா, இந்தோசீனம் பற்றிய மாநாட்டிற்குச் சென்றிருந்த சீனத் தலைமையமைச்சர் சூ என்-லாய், ‘லியாங் சான்போவும் சூ யிங்தாயும்’ என்னும் வண்ணப்படத்தை வெளிநாட்டு விருந்தினர்க்குக் காட்டுவித்தார். காதலர் இருவர் இறந்தபின் வண்ணத்துப் பூச்சிகளாய்ப் பறந்து செல்லும் பழங்கதை அது. யூவே என்னும் இசைநாடக முறையில் பாட்டு மிகுந்து அமைந்தது. அயலார்க்கு விளங்காதோ என்றஞ்சிய அலுவலர் பல பக்க விளக்கவுரை ஒன்றை எழுதிக் கொணர்ந்தனர். அமைச்சர் அதனை ஏற்றிலர். ‘சீனத்து ரோமியோ ஜூலியட்’ என்று அழைப்பிதழில் எழுதினாற் போதும் என்றார். அவ்வாறே எழுதினர். கண்டோர் பெரிதும் பாராட்டினர்.

அறியாததை அறிந்ததனால் உணர்த்துதல் உவமையின் இயல்பு என்பது இலக்கணம் பயின்றார்க்குப் புதிதன்று. ஆனால் உவமை விளக்குவதோடு மறைத்தலும் செய்யும். கல்வி பெறுதற்பொருட்டு ஆணுடை பூண்டு சென்ற பெண்ணொருத்தியின் கதை இது. பெண்டிர்க்குக் கல்வி மறுக்கப்பட்ட கொடுமையே இதன் உயிர். ரோமியோவின் பெயர் கேட்டு வந்தோர் காதலை மட்டுமே எதிர்நோக்கி யிருப்பர்.

பண்பாட்டுப் புரட்சிக்குப் பின் பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியிற் பயின்று 1982-இல் வெளிவந்த இளைஞரால் மேனாட்டு விழாக்களிற் சீனத்தின் பெயர் ஓங்கிற்று. சாங் யீமோவின் ‘சிவப்புச் சோளம்’ 1988-இல் பெர்லினில் தங்கக் கரடி விருதைப் பெற்றது. சென் கைகேயின் ‘மனையாளே, விடைபெறுகின்றேன்’ 1993-இல் கான் விழாவின் தலைசிறந்த பரிசைப் பகிர்ந்துகொண்டது. எனினும் 1994-இல் கான் விழாவிற் பரிசு பெற்ற சாங் யீமோவின் ‘வாழ்தல்’ என்ற படம் தாயகத்து அரங்குகளுக்கு அனுமதிக்கப்படவில்லை. அயலார் போற்றியதைச் சொந்த மக்கள் காணமுடியாத நிலை அது.

இப்படங்கள் மேனாட்டார் கண்ணுக்காகவே பழைய சீனத்தைப் புனைந்து காட்டின என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ‘சிவப்பு விளக்கை உயர்த்துக’ என்ற 1991-ஆம் ஆண்டுப் படத்தில், கணவன் செல்லும் மனையில் விளக்கேற்றும் சடங்கு வருகின்றது. சூ தோங் எழுதிய மூலக்கதையில் அச்சடங்கு இல்லை, இயக்குநர் சேர்த்தது. ஆயினும் அயலாரை மயக்குதற்கே சேர்த்தார் என முடித்தல் பொருந்தாது என்பது நம் கருத்து. நான்கு மனைவியரின் உயர்வு தாழ்வு, சொல்லொன்றும் இன்றியே அவ்விளக்கால் விளங்குகின்றது.

பொதுமக்களின் பேராதரவோ வாள்வீரர் கதைகளுக்கே கிட்டியது. தைவானிற் பிறந்த ஆங் லீயின் 2000-ஆம் ஆண்டுப் படமாகிய ‘பதுங்கும் புலி, மறைந்த நாகம்’ அமெரிக்காவில் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2002-இல் வந்த சாங் யீமோவின் ‘வீரன்’ 2004-இல்தான் அங்கு வெளியாயிற்று. வெளியான வார இறுதியிலேயே வசூலில் முதலிடம் பெற்றது. மரக்கிளை மேல் நிகழும் போருக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை அன்றோ!

பின்னர்ச் சீனத்து உள்நாட்டு அரங்குகள் பல்கிப் பெருகவே, அயல்நாட்டு வருவாய் இன்றியும் படங்கள் வாழலாயின. ‘போர் ஓநாய் 2’ 2017-இல் 560 கோடி யுவானுக்கு மேல் ஈட்டியது. அதில் வெளிநாட்டுப் பங்கு மிகச் சிறிதே. 2025-இல் வந்த ‘நேஜா 2’ என்னும் அசைபடம் 200 கோடி டாலரைக் கடந்தும் நிலை அதுவே. நேஜாவின் முதலுரு நம் நாட்டுப் புராணங்களிற் குபேரன் மைந்தனாக வரும் நளகூபரனே என்றும், பௌத்த நூல்கள்வழி அவன் சீனம் புகுந்தான் என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். தாமரையினின்று மறுபிறப்பெய்திய அச்சிறுவனின் கதை சீனக் குழந்தைகட்கு மனப்பாடம். அயலார்க்கோ தெய்வங்களின் பெயர்களே பெருஞ்சுமை. திரையடியில் ஓடும் எழுத்துகளைப் படிக்கும் பழக்கமும் அமெரிக்கரிடம் குறைவு. அதனால் 2025 ஆகஸ்டில் ஆங்கிலக் குரல் சேர்த்து, மிசெல் இயோவையும் பேசச்செய்து அங்கு வெளியிட்டனர். அதன்பின்னரும் அரங்குகள் நிரம்பவில்லை.