பாம் எங்கே இருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டா சஸ்பென்ஸ் போயிடுமா?

ஒருவர் கையில் டைம் பாம். டைமரைத் திருகுகிறார், ஒரு கார் டிக்கியில் வைத்துவிட்டு ஓடுகிறார். விஷயமே தெரியாத ஒரு ஜோடி வந்து அதே காரில் ஏறிக் கிளம்புகிறது. ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' (1958) தொடங்குவது இப்படித்தான்.

எடுத்ததுமே எல்லாத்தையும் போட்டு உடைச்சாச்சு. அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?

அடுத்த மூன்று நிமிடத்துக்கு ஒரு கட் கூட கிடையாது. எடிட்டிங் இருந்தால் நேரத்தை இழுக்கலாம், சுருக்கலாம். இங்கே பாம் டைமரும் நம்ம கை வாட்ச்சும் ஒரே வேகத்தில் ஓடுது.

மெக்சிகோ - அமெரிக்க எல்லையில் உள்ள ஒரு ஊர். கிரேனில் ஏறிய கேமரா, காரை விடாப்பிடியாகத் துரத்தவில்லை. டிராஃபிக் போலீஸ் கை காட்டுகிறார், ஆட்டுக்கூட்டம் குறுக்கே வருகிறது, கார் நிற்கிறது. பக்கத்திலேயே நடந்து வருகிறார்கள் புதுமணத் தம்பதி சார்ல்டன் ஹெஸ்டனும் ஜேனட் லீயும். கார் கண்ணிலிருந்து மறைந்தால் 'அப்பாடா'. திரும்ப வந்தால் வயிற்றைக் கலக்கும். செக்போஸ்ட்டில், காரில் இருக்கும் பெண் தலைக்குள்ளே ஏதோ டிக் டிக்னு கேட்குதுன்னு புலம்புகிறார். யாரும் கண்டுக்கல! தம்பதி முத்தமிடும்போது வெடிச்சத்தம். அப்புறம்தான் முதல் கட்.

நம்ம ஊர் 'அந்த நாள்' (1954) இதற்கு நேர் எதிர். துப்பாக்கிச் சத்தம், சிவாஜி சாய்கிறார், சுட்டது யார்? எஸ்.பாலசந்தர் தகவலை மறைத்து ஆர்வத்தைக் கிளப்புகிறார். வெல்ஸோ தகவலைக் கொடுத்துப் பயத்தைக் கிளப்புகிறார். அங்கே நாம் துப்பறிகிறோம். இங்கே 'இறங்குங்கடா'ன்னு கத்தணும்போல இருக்கும்.

கொடுமை என்னன்னா, ஸ்டூடியோ அந்த ஷாட் மேலேயே டைட்டில் எழுத்துகளை ஓடவிட்டு, ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டுவிட்டது. இசை நல்ல இசைதான், ஆனால் தெருச் சத்தம் அமுங்கிப்போச்சு. வெல்ஸ் 58 பக்கத்துக்கு மெமோ எழுதியும் பெரிதாகப் பலனில்லை. அவர் 1985-ல் இறந்தார். 1998-ல்தான் எடிட்டர் வால்டர் மர்ச் அந்த மெமோவை வைத்துப் படத்தைத் திருத்தினார். இப்போது எழுத்தும் இல்லை, அந்த இசையும் இல்லை. பார்களிலிருந்து கசியும் பாட்டும் கார் ரேடியோவும்தான். கார் திரையில் இல்லாதபோதும், ரேடியோ சத்தம் நெருங்குவதை வைத்தே அது வருதுன்னு காது சொல்லிடும்.

தேடிப் பார்க்கிறவங்க கவனிங்க: முதல் ஷாட்டில் பெயர்கள் ஓடினால் அது பழைய வெர்ஷன்.